முக்கோணத்தில் ஒரே நாற்காலி

மே 9, வெள்ளி

கத்திரி வெயில். குழாயைத் திறந்தால் வருவது தண்ணீர் இல்லை, ரசம். மீன்பிடித் தடைக்காலம், ஆகவே அப்பா வீட்டில். ஆகவே ரிமோட் அப்பா கையில். ஆகவே நான் நண்பன் அந்துவான் வீட்டில்.

அங்கே பெரிய செய்தி. பெட்டி வந்துவிட்டது!!

அந்துவின் மாமா பாரிசில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அந்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்களாம். வேண்டாமென்று ஒதுக்கியதை மருமகனுக்கு அனுப்பிவிட்டார். ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஓர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). அந்து உடனே திருத்துகிறான்.

"ஸ்பீக்கர்னு சொல்லாத கயலு. மானிட்டர். நியர்ஃபீல்ட் மானிட்டர். பக்கத்துல உக்காந்து கேக்குறது. பாட்டுல என்ன தப்பு இருக்கோ அத அப்படியே காட்டும்."

எனக்குத் தெரிந்த மானிட்டர் ஆறாம் வகுப்பு தெரேசா. பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவாள். (தினமும் நான்தான் முதல்.) அவளும் தப்பைத்தான் காட்டினாள். அவளை யாருக்கும் பிடிக்காது.

கறுப்பு மரப்பெட்டி. நடுவில் வெள்ளைக் காகிதக் கூம்பு. முன்னால் மூடி எதுவும் இல்லை. கண் இமைக்காமல் முறைக்கிறது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

"அத்தான்சியோன்!"

அந்துவின் அப்பா. ஃபிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா, அதாவது சிப்பாய். எச்சரிக்கை ஃபிரெஞ்சில் வரும், திட்டு தமிழில் வரும்.

"கூம்புல விரல் பட்டா அமுங்கிப் போயிடும். உன் கையப் பத்தி எனக்குத் தெரியும்மா."

தெரியும்தான். அவருடைய பட்டாளத்துப் போட்டோவின் நெற்றியில் போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்தது யார்? பொங்கல்வரை கவனிக்கவே இல்லை மனிதர். சிவப்புப் பொட்டு என் கையெழுத்து. எந்தக் குறும்பு செய்தாலும் பக்கத்தில் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் வருவேன். ஓவியம் வரைகிறவன் ஓரத்தில் பெயர் போடுவதில்லையா.

இதுநாள்வரை எங்கள் ஸ்டுடியோ: அவன் லேப்டாப், ஓர் இயர்போன். எல் என் காதில், ஆர் அவன் காதில். எட்டாவது படிக்கும்போதிருந்து இப்படித்தான். எல் என்ற எழுத்து தேய்ந்து அழிந்ததால் என் பக்கத்துக்கு அடையாளமாக ஒரு பொட்டு. "கிட்டார் ரொம்ப அதிகம்டா" என்பேன் நான். "கிட்டாரே இல்லடி" என்பான் அவன். சண்டை. பிறகு பாட்டு. முழுப் பாட்டை எங்கள் இருவரில் ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் இருவர் தேவைப்பட்டோம்.

இன்று அந்து அந்த இயர்போனைக் கட்டில்மேல் விட்டெறிந்தான்.

"இனிமே இது எதுக்குடி?"

எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். குருசுக்குப்பம் வரும்வரை வெயிலில் நடந்தேன். வீட்டில் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடியாயிற்று. காம்பஸுக்கும் இயர்போனுக்கும் சண்டை வரக்கூடாது.

மே 10, சனி

புழுக்கம். காற்று லீவில்.

அந்து வீட்டு மாடியில் புது ஆள். பக்கத்து வீட்டு நிவேதா. சென்னையில் ஒலிப்பதிவு படிக்கிறாள், முதல் வருடம், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அந்துதான் கூப்பிட்டிருக்கிறான். "மானிட்டர எப்படி வைக்கணும்னு அக்காவுக்குத்தான் தெரியும்."

அக்காவாம். பெயரே சரியில்லை. நிவே-தா. எதைப் பார்த்தாலும் தா, தா.

முதல் காரியமாக ஜன்னல் மூலையில் இருந்த ஸ்பீக்கரை இடம் மாற்றினாள். மூலையில் வைத்தால் பாஸ் (அடியில் கேட்கிற டும்டும்) ஊதிப்போகுமாம். பிறகு பூ கட்டுகிற நூல் வாங்கிவரச் சொன்னாள். (போனது நான்.) ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு நூல். அதே நீளத்தில் இரண்டு பக்கமிருந்தும் இழுத்து, அவை சேரும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டின்மேல் ஒரு நாற்காலி.

"சமபக்க முக்கோணம். உன் தல இங்க இருக்கணும். இங்க இருந்து கேட்டா குரல் நடுவுல நிக்கும். ஒரு சாண் தள்ளிப் போனாலும் போச்சு."

"அப்ப நான் எங்க உக்காரறது?" நான்.

"நீ எங்க வேணும்னாலும் உக்காரலாம்மா."

எங்கே வேண்டுமானாலும் என்றால் கட்டிலில் என்று அர்த்தம்.

ஒயரையும் அவளே மாட்டினாள். ஆம்புக்குப் பின்னால் குனிந்துகொண்டு பாடம் நடத்தினாள். அந்து தலையை ஆட்டினான், ஆட்டுக்குட்டி மாதிரி.

"சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல. ரெண்டு கூம்பும் ஒண்ணா முன்னாடி தள்ளணும், ஒண்ணா பின்னாடி இழுக்கணும். ஒரு பக்கம் மாத்தி மாட்டிட்டா ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்கும். நடுவுல இருக்கிற குரல், பாஸ் எல்லாம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு செத்துடும்."

புரிந்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பீரோவை நகர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். அவர் தள்ள, இவள் இழுக்க, இருவருக்கும் இரண்டு திசை, பீரோ அங்கேயே நின்றது.

மாலை, முதல்முறையாக எங்கள் பாட்டை அதில் போட்டார்கள். நாற்காலியில் முதலில் அந்து. பிறகு நி. (நிவேதாவுக்கு இனி இவ்வளவுதான் மை.) பிறகு மறுபடி அந்து. எனக்கு? "கயலு, கீழ போய் அம்மாகிட்ட ஐஸ் வாட்டர் வாங்கிட்டு வாயேன்."

மே 12, திங்கள்

வெயில், வெயில், வெயில். அம்மாவின் திட்டு, வெயில்.

எது என்னுடையது என்று எனக்கே மறந்துவிடுமுன் எழுதி வைக்கிறேன். பிரவீன் அண்ணன் (அந்துவின் சீனியர், இப்போது கல்லூரியில்) ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு மகனைப் பார்க்க பஸ்ஸில் வரும் ஓர் அம்மா. முடிவில் ஒரு பாட்டு. பாட்டு எழுதியது நான். பாடியது நான். இசை அந்து. நடுவில் வரும் வரி:

இருக்கை காலி ஆனபோது
இறங்கும் இடம் வந்தது.

எழுதியபோது அந்து ஐந்து நிமிடம் பேசவில்லை. அது அவன் தருகிற பெரிய பாராட்டு. வெள்ளிக்கிழமை பாட்டை பிரவீன் அண்ணன் கையில் கொடுக்க வேண்டும்.

இன்று மிக்ஸிங் ஆரம்பம். நி. நாற்காலியில். அந்து அவள் தோளுக்குப் பின்னால். நான் கட்டிலில், தலையணையோடு. தலையணைக்கு என்னைவிட மரியாதை.

நி.யிடம் பிடிக்காதவை:
– கண்ணை மூடிக்கொண்டு கேட்பது
– அப்போது மூக்கை மட்டும் தூக்குவது
– "ம்ம்" என்று சொல்வது. எதற்கும் "ம்ம்"
– பிஸ்கட்டைத் தேநீரில் தோய்க்கும்போது அது உடையவே மாட்டேன் என்கிறது
– நான் ஜோக் சொன்னால் சிரிக்கிறாள். உண்மையாகவே. இதுதான் தாங்கவில்லை.

ஒருமுறை நான், "எல் சைடுல ஏதோ கரகரன்னு கேக்குது" என்றேன். பழக்கதோஷம்.

அந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கட்டில்ல இருந்து கேட்டா அப்படித்தான் இருக்கும்டி. அங்க எதுவும் சரியா கேக்காது."

எட்டாவதிலிருந்து எல் என் காது. இன்று அந்தக் காது கட்டிலில் இருக்கிறது, எதுவும் சரியாகக் கேட்காத இடத்தில்.

வீட்டுக்கு வந்தும் பொருமல். அம்மா: "இன்னாடி, மூஞ்சி காஞ்ச மொளகா மாதிரி இருக்கு?" காரம் எனக்குள்ளேதான் இருக்கிறதென்று சொல்லவில்லை.

ஒரு யோசனை வந்திருக்கிறது. சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில்.

மே 13, செவ்வாய்

கடற்காற்று கொஞ்சம். நல்ல சகுனம்.

முடிந்தது. மதியம் லூசி ஆன்ட்டி, அந்துவின் அம்மா, கீழே சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் இறங்கினார்கள். "கை கழுவிட்டு வரேன்" என்று நான் மாடியில். எல் பக்கத்து ஸ்பீக்கருக்குப் பின்னால் சிவப்பைக் கழற்றிக் கறுப்பில், கறுப்பைக் கழற்றிச் சிவப்பில். ஸ்பீக்கருக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஒரு சிவப்புப் பொட்டு. கை கழுவினேன். (உண்மையாகவே.) வஞ்சிர வறுவல் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திட்டம் இது. வழி அ: நி. உட்கார்ந்த உடனே கண்டுபிடிப்பாள். அந்துவுக்கு யார் வேலை என்று தெரியும், "கயலூஊஊ!" என்று துரத்துவான், முன்பு மாதிரி ஆகிவிடும். வழி ஆ: நி. கண்டுபிடிக்க மாட்டாள். மூக்கைத் தூக்கி ஒலிப்பதிவு படிக்கிறவளுக்கு ஒயர் மாறியது தெரியவில்லை என்று நான் அறிவிப்பேன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. எந்த வழியிலும் நான் ஜெயிக்கிறேன்.

சாப்பிட்டு மேலே வந்தோம். நி. உட்கார்ந்தாள். பாட்டைப் போட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணை மூடினாள். மூக்கைத் தூக்கினாள்.

"ம்ம்."

பிறகு: "அந்து, இப்ப எவ்ளோ அகலமா இருக்கு பாரு. சாப்ட்டு வந்தா காது ஃப்ரெஷ் ஆயிடும்."

அந்து உட்கார்ந்தான். அவன் முகம் மலர்ந்தது. "அக்கா! சுத்திலும் வருதுக்கா! பீச்சுல நடுத்தண்ணில நிக்கிற மாதிரி!"

நடுத்தண்ணீரில்தான் நிற்கிறாய், முட்டாள் அந்துப்பூச்சி.

சொல்லியிருக்கலாம். இடுப்பில் கைகூட வைத்தேன். ஆனால் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று இல்லை. இன்னும் பெரிதாக ஏமாறட்டும் என்றுதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மே 14, புதன்

மேகம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

குறும்பு என்றால் மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காத குறும்பு, தபாலில் போட்டு வந்து சேராத கடிதம்.

நாள் முழுக்க பாஸ் போதவில்லை என்று நி. ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஏற்றுகிறாள், காணோம். இன்னும் ஏற்றுகிறாள், காணோம். நான் கட்டிலில் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தேன்.

பிறகு என் குரலுக்கு வந்தார்கள். சிரிப்பு நின்றது.

அறைக்கு நடுவில் நிற்க வேண்டிய குரல். எனக்குக் கட்டிலில் இருந்தே தெரிந்தது. அது எங்கேயும் இல்லை. பிடரிக்குப் பின்னால் யாரோ டப்பாவுக்குள் பாடுவது மாதிரி. நி. ஏற்றினாள். டப்பா பெரிதாயிற்று, அவ்வளவுதான்.

"உக்கார மாட்டேங்குது," என்றாள் நி.

"என்னக்கா?"

"குரல். மத்ததெல்லாம் நல்லாருக்கு. குரல்தான்..." என்னைப் பார்த்தாள். பாவப்பட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் சின்னக் குரல் இல்ல?"

சின்னக் குரலா! நான் கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருக்கும் அப்பா திரும்பிப் பார்ப்பார். அம்மாவுக்கு என்னிடம் இருக்கும் முதல் புகாரே "மெதுவா பேசுடி, முத்தியால்பேட்ட வரைக்கும் கேக்குது" என்பதுதான்.

இப்போது சொல்ல வேண்டியதுதானே. வாயைத் திறந்தேன். அந்து முந்திக்கொண்டான்.

"ஆமாங்க்கா. எனக்கும் முன்னாடியே தோணிச்சு."

முன்னாடியே.

வாயை மூடிக்கொண்டேன்.

மே 15, வியாழன்

வெயில். என்ன எழுத.

நி. பாடினாள். என் வரிகளை. "சும்மா ஒரு ட்ரையல்" என்றார்கள். இரண்டு தடவை பாடி ஒன்றை எல் பக்கமும் இன்னொன்றை ஆர் பக்கமும் வைத்தாள். நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் இல்லாததால் சாகவும் இல்லை. தெளிவாக, இரண்டு பக்கமும், அகலமாக, கண்ணைப் பறிக்கிற மாதிரி. காதைப் பறிக்கிற மாதிரி.

ஏன் நன்றாக இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் பாடியதால் இல்லை. நான் மாற்றிய ஒயரால். என் கையாலேயே அவளுக்கு மேடை போட்டுக் கொடுத்திருக்கிறேன், மாலை மட்டும்தான் பாக்கி.

அந்து என் பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். எத்தனை நாளைக்குப் பிறகு. இதற்குத்தான் வந்தான்.

"கயலு, கோச்சுக்காத. பாட்டு எழுதினது நீதான்னு பேர் வரும். படத்துக்கு எது நல்லதோ அதத்தான பார்க்கணும்."

"நான் ஒண்ணும் கோச்சுக்கலயே."

"உன் மூக்கு செவந்திருக்கு."

"சளி."

"மே மாசத்துலயா?"

"ஐஸ் வாட்டர் கொண்டுவர மாடி ஏறி எறங்கினதுல."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? பாட்டிலிருந்து தூக்கியதும் பொறாமையில் கதை கட்டுகிறாள் என்பான். பொறாமையில்தான் செய்தேன் என்பது வேறு விஷயம்.

நி. குரலோடு ஒரு நாள் முன்னதாகவே பிரவீன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டார்கள். கொண்டாட்டத்துக்கு லூசி ஆன்ட்டி கேக் வெட்டினார். ரம்மில் ஊறிய திராட்சை. எனக்குப் பெரிய துண்டு. தொண்டையில் இறங்கவில்லை. தொண்டை சின்னது போல.

மே 16, வெள்ளி

காலையிலேயே அனல். ஆனால் இன்றைய சூட்டுக்கு வெயில் காரணம் இல்லை.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பா ரிமோட்டை வைத்துக்கொண்டு பழைய கிரிக்கெட் பார்த்தார். போனேன்.

மாடி ஏறும்போதே பிரவீன் அண்ணன் குரல். அந்து போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"டேய், கார்ல போட்டேன்டா. டோர் ஆடுது. வீட்டு டிவில போட்டேன், எங்கம்மா நிலநடுக்கம்னு எழுந்து வந்துட்டாங்க. பாட்டு எங்கடா? எனக்கு பஸ் இன்ஜின்தான் கேக்குது!"

புதன்கிழமை ஏற்றிய பாஸ் அத்தனையும் அங்கே போய் எழுந்திருக்கிறது. அந்து முகம் வெளுத்தது. நி. முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு நல்லாத்தான கேட்டுச்சு," என்றாள். யாரிடமும் இல்லை. "எனக்கு நல்லா கேட்டுச்சே." பிறகு மெதுவாக, "காலேஜ்லயும் ஒரு சார் சொன்னார், உனக்குக் காது பத்தாதுன்னு."

எனக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

பிறகு அவள் ஒன்று செய்தாள். டிரம் மட்டும் போட்டுவிட்டு ஸ்பீக்கர்களுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். காதால் இல்லை, கண்ணால் பார்த்தாள். டும். ஆர் பக்கத்துக் கூம்பு வெளியே வந்தது. எல் பக்கத்துக் கூம்பு உள்ளே போனது. டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே.

பின்பக்கம் ஓடினாள். "ஐயோ. மாத்தி மாட்டியிருக்கேன். நான்தான் மாட்டினேன். நானே மாட்டினதால மறுபடி பார்க்கவே இல்ல."

சரியாக மாட்டினாள். என் பழைய பதிவைப் போட்டாள். அறைக்கு நடுவில் நான் வந்து நின்றேன். கட்டிலுக்கே கேட்டது.

"கயலு," என்றான் அந்து, "இதான்டி உன் குரல்!"

நான் ஜெயித்திருக்க வேண்டிய நொடி. ஆனால் நி. தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அந்து என்னை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "பரவால்லக்கா. யாருக்கும் நடக்கும்க்கா." எலுமிச்சை ஜூஸ் கொண்டுவர அவனே கீழே ஓடினான். அவனே! நான் நூல் வாங்கப் போனபோது, ஐஸ் வாட்டருக்கு இறங்கியபோது வராத கால்கள். சொல்தா அப்பா மேலே வந்து அவள் தலையில் தட்டி, "சே பா கிராவ், மா ஃபீய்" என்றார். அதாவது, பெரிய விஷயம் இல்லை மகளே. என் குறும்பு! நான் செய்த மிகப் பெரிய குறும்பு! அதற்கு அழுவது அவள், ஆறுதல் அவளுக்கு, ஜூஸ் அவளுக்கு. பழியில்கூட ஒரு பங்கு எனக்கு வைக்கவில்லை.

தாங்க முடியவில்லை.

"அது நீங்க இல்ல," என்றேன். "நான். நான் மாத்தினேன். செவ்வாய்க்கிழம. சாப்பாட்டுக்கு முன்னாடி."

நி. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரித்தாள். "என்னைக் காப்பாத்த சொல்றியா? நல்ல பொண்ணு கயலு நீ."

நல்ல பொண்ணாம்! என்னை இப்படி யாரும் திட்டியதில்லை.

"இல்லக்கா! நெஜமா நான்தான்! வேணும்னா எல் ஸ்பீக்கரைத் தூக்கிப் பாருங்க!"

அந்து ஜூஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கரைத் தூக்கினான். அடியில் சிவப்புப் பொட்டு, அழகாக, நட்ட நடுவில்.

அந்துவின் அப்பா பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த தன் போட்டோவைப் பார்த்தார். கீழே போய்விட்டார். அந்து என்னைப் பார்க்கவே இல்லை. துரத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கயலூஊஊ" என்று கத்தியிருந்தால்.

"எதுக்குடி?" என்றான் கடைசியில். சத்தமே இல்லாமல்.

பதில் என்னிடம் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஓர் இயர்போன். சொன்னால் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கும்.

நி.தான் பேசினாள். கோபமாகத்தான். ஆனால் கேட்டது வேறு.

"மாத்தின அன்னிக்கே குரல் போனது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கட்டில்ல இருந்தே?"

"ம்ம்."

(அவளுடைய "ம்ம்" எனக்கு ஒட்டிக்கொண்டது. சீ.)

நி. எழுந்து, மாட்டிய ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு: "நாளைக்கு சாயங்காலம் பிரவீன் திரும்ப கேப்பான். காலைல வா. நீ கெடுத்தத நீயே சரி பண்ணு. உன் குரல்லயே."

மே 17, சனி

மேகம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து இயர்போனை எடுத்துப் போனேன். சமாதானக் கொடி. அந்துவிடம் நீட்டினேன். "முடிஞ்சதும் இதுலயும் போட்டுப் பாத்துக்க." வாங்கிக்கொண்டான். முகம் இன்னும் இறுக்கம்தான். ஆனால் ஒயரில் இருந்த சிக்கலை உட்கார்ந்து பிரித்தான். அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது.

நி. நாற்காலியைக் காட்டினாள். "உக்காரு."

உட்கார்ந்தேன். இருக்கை காலி. சாக்பீஸ் கோடு பாதி அழிந்திருந்தது. இரண்டு வெள்ளைக் கண்களும் என்னையே பார்த்தன. பாட்டைப் போட்டேன்.

எப்படி எழுதுவது? எனக்கு எதிரே, இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் இடத்தில், நான் நின்று பாடினேன். உதடு எங்கே என்று விரலால் தொடலாம் போல. மூச்சு இழுப்பது கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. பின்னால் எங்கோ ஒரு காக்கா, எங்கோ ஒரு படகு மோட்டார். முழுப் பாட்டு. இரண்டு காதிலும். முதல்முறை.

பாஸைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க நான் பெரிதானேன். சின்னக் குரலாம்!

பிறகு அந்த வரி வந்தது. இறங்கும் இடம் வந்தது. அந்த "வந்தது"வில், கீழே. சுருதி தொங்குகிறது. கொஞ்சம்தான். ஈரத் துணி காயும் கொடி போல. மறுபடி போட்டேன். மறுபடி தொங்கியது. எத்தனை தடவை கேட்ட வரி. ஒற்றைக் காதில் கேட்டபோது ஒருநாளும் தெரிந்ததில்லை. மறு காதில் அந்து பேசிக்கொண்டே இருப்பானே.

பாட்டுக்கு நடுவே பின்னால் ஏதோ சிரிப்பு. இல்லை, சிரிப்பா என்றுகூடத் தெரியவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பது அத்தனையும் கேட்கிறது. பின்னால் இருப்பது எதுவும் கேட்பதில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நிறுத்தினேன்.

"அந்து, 'வந்தது'ல நான் கீழ போறேன்டா. மறுபடி பாடணும்."

பதில் இல்லை.

திரும்பினேன். இருவரும் கட்டிலில், என் இடத்தில். அந்துவின் போனில் எதையோ போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமாக வைத்திருந்தார்கள் போல, நான் பேசியது கேட்கவில்லை. அந்து ஏதோ சொன்னான், நி. தலையை ஆட்டி மறுத்தாள், இருவரும் சண்டை போட்டார்கள், சிரித்தபடி. நடுவில் தொங்கியது என் இயர்போன் ஒயர்.

ஆர் அவன் காதில்.

சிவப்புப் பொட்டு வைத்த எல், அவள் காதில்.